முதல் மாடியில் 6 அடி மீன் தொட்டி: 1994ல் போட்ட தளம் தாங்குமா?

வில்லிவாக்கம்_செல்வி
சனி, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். நாலு வருஷமா ஒரு வெள்ளி அரவானா மீன் வளர்க்கிறேன். கொளத்தூர் மீன் கடையில வாங்கும்போது என் நடுவிரல் நீளம்தான் இருந்தது. இப்போ 22 இஞ்ச். இருக்கிற தொட்டி நாலு அடி நீளம், ஒன்றரை அடி அகலம். திரும்பணும்னா உடம்பை வில்லு மாதிரி மடக்கித்தான் திரும்புது. ராத்திரியில வால் கண்ணாடியில இடிக்கிற சத்தம் பெட்ரூம் வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டா எனக்குத் தூக்கம் போயிடும். சின்னதா வாங்கி வளர்த்தவ நான்தானே, அதுக்கு இடம் கொடுக்க வேண்டியதும் நான்தான்.

அதனால 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்துல தொட்டி செய்யலாம்னு இருக்கேன். கண்ணாடி 12 எம்எம். பிரச்சினை தொட்டி இல்லை, வீடு.

வீடு என் அப்பா 1994ல கட்டினது. கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு. மேலே நாங்க இருக்கோம். கீழே என் அத்தை, அப்பாவோட அக்கா, 78 வயசு. நான் தொட்டி வைக்க நினைக்கிற இடம் எங்க ஹால்ல பெட்ரூம் சுவரை ஒட்டி. ஹால் 16 அடிக்கு 12 அடி. அந்த இடத்துக்கு நேர் கீழே அத்தையோட கட்டில். அதனாலதான் கேட்கிறேன். தொட்டி செய்றவர் "இதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா, எத்தனையோ வீட்டுக்குப் போட்டிருக்கேன்"னு சொல்றார். பக்கத்துத் தெரு மேஸ்திரி "ஒரு டன் வரும், வேண்டாம்"னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டார். ரெண்டு பேருமே தளத்தை வந்து பார்க்கலை.

அப்பா இப்போ இல்லை. கட்டடத்தோட பிளான் காகிதத்துல அறை அளவு மட்டும் இருக்கு, கம்பி விவரம் எதுவும் இல்லை. யாருக்காவது விவரம் தெரிஞ்சா சொல்லுங்க.


அம்பத்தூர்_தொட்டி
சனி, இரவு 10:25

அக்கா, நான் 9 வருஷமா ரெண்டாவது மாடியில அஞ்சடி தொட்டி வச்சிருக்கேன். ஒரு விரிசல் கிடையாது. எங்க வீட்டு மொட்டை மாடியில 1000 லிட்டர் தண்ணி டாங்க் நிக்குது, அதுவே ஒரு டன்னுக்கு மேல. அது தாங்கலையா? தைரியமா வைங்க.

ஆனா தொட்டி அளவு விஷயத்துல ஒண்ணு சொல்றேன். அரவானா மேல்மட்டத்துல நீந்துற மீன். அதுக்கு உயரம் தேவையே இல்லை, அகலம்தான் வேணும். 2 அடி அகலம் இன்னும் ஒரு வருஷத்துல பத்தாது. உயரத்தைக் குறைச்சு அகலத்தைக் கூட்டுங்க. 6 அடி, இரண்டரை அடி அகலம், ஒன்றே முக்கால் அடி உயரம். திரும்பறதுக்கு நல்லா இடம் கிடைக்கும். மூடி மட்டும் கனமா போடுங்க, அது எகிறிக் குதிக்கும். என் பழைய மீனை அப்படித்தான் இழந்தேன். காலையில சோபாவுக்குப் பின்னாடி கிடந்தது. இன்னிக்கும் அதை நினைச்சா மனசு கனக்குது.


திருச்சி_பொறியாளர்
ஞாயிறு, காலை 6:15

அம்மா, நான் கட்டடப் பொறியாளர். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். கீழே ஒரு பெரியவர் படுத்திருக்கிறார் என்று நினைத்துப் பார்த்துக் கேட்டீர்களே, அதற்காகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் எடை. நீங்கள் சொன்ன அளவுக்கு, தண்ணீர் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் கீழே நிற்கும் என்று வைத்தால் 580 லிட்டர் வரும், அதாவது 580 கிலோ. கண்ணாடி 120 கிலோ. இதைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 12 எம்எம் கண்ணாடி ஒரு சதுர மீட்டர் 30 கிலோ. இரும்பு ஸ்டாண்ட் 70, அடியில் வைக்கும் வடிகட்டித் தொட்டி தண்ணீரோடு 80, கல்லும் மணலும் 40, மூடி விளக்கு எல்லாம் 20. ஆக 910 கிலோ. உங்கள் மேஸ்திரி சொன்ன ஒரு டன் மிகையில்லை.

இனி தளம். நம் நாட்டு விதி ஐ.எஸ். 875, குடியிருப்பு அறைகளுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் வரும் என்று வைத்துத் தளத்தை வடிவமைக்கச் சொல்கிறது. உங்கள் தொட்டி நிற்கும் இடம் 1.1 சதுர மீட்டர்தான். அங்கே சதுர மீட்டருக்கு 800 கிலோவுக்கு மேல் இறங்குகிறது. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் பயந்துவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம், அந்த ஒப்பீடு முழுக்கச் சரியல்ல. 200 என்பது அறை முழுவதும் பரவிய பாரம். உங்கள் ஹால் கிட்டத்தட்ட 18 சதுர மீட்டர், அப்படியானால் மொத்தம் 3,600 கிலோ. தளம் உடைவது அதன் நடுப்பகுதி வளைவதால். ஆகவே எவ்வளவு எடை என்பதைவிட அது எங்கே நிற்கிறது என்பதே பெரிய கேள்வி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தளம் 12 அடிப் பக்கம் மட்டுமே சுமக்கிறது என்று, பாதகமான நிலையையே எடுத்துக்கொண்டேன். உங்கள் அளவுக்குத் தளம் இரண்டு பக்கமும் சுமக்கும், உண்மை நிலை இதைவிட நன்றாகவே இருக்கும். விதிப்படியான 200 கிலோ பாரம் தளத்தில் உண்டாக்கும் வளைவு விசை, மீட்டர் அகலத்துக்கு 335 என்று வருகிறது. உங்கள் தொட்டி ஒரு மீட்டர் நீளத்துக்கு 500 கிலோ. அதை அறையின் நடுவே நீளவாக்கில் நிறுத்தினால் 460. தாண்டிவிட்டது. அதே தொட்டியை 16 அடிச் சுவரை ஒட்டி வைத்தால் 160தான். பாதிகூட இல்லை. தொட்டி அதே தொட்டி, தண்ணீர் அதே தண்ணீர்.

ஆனால் ஒரு நிபந்தனை. அந்தச் சுவர் கீழேயும் இருக்க வேண்டும். அஸ்திவாரம் வரை இறங்கும் சுவராகவோ, அதன் அடியில் பீம் ஓடும் சுவராகவோ இருக்க வேண்டும். மேல்வீட்டில் மட்டும் எழுப்பிய தடுப்புச் சுவர் எதையும் தாங்காது, அதுவே தளத்தின் மேல் ஒரு சுமை. ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவில் உள்ள சுவர் என்கிறீர்கள். அதன் கனம் என்ன? கீழ்வீட்டில் நேர் கீழே என்ன இருக்கிறது? போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அம்பத்தூர் தம்பிக்கு: மொட்டை மாடி டாங்க்கின் கீழே பாருங்கள். செங்கல் திண்டு கட்டி, அந்தத் திண்டு சுவர் மேலோ பீம் மேலோ இருக்கும்படி வைத்திருப்பார்கள். தளத்தின் நடுவே யாரும் வைப்பதில்லை. உங்கள் அஞ்சடித் தொட்டியும் ஒன்பது வருஷம் நன்றாக நிற்கிறது என்றால் அது நல்ல இடத்தில் நிற்கிறது என்று அர்த்தம். இன்னொருவர் வீட்டில் அதே அளவு தொட்டிக்கு அது உத்தரவாதம் ஆகாது. அகலத்தைப் பற்றி நீங்கள் சொன்ன யோசனை மிக நல்லது. எடை 950 கிலோவாக ஏறும், ஆனால் பரப்பு கூடுவதால் சதுர மீட்டருக்கு 680 ஆகக் குறையும். தண்ணீரின் உயரம் குறைந்தால் கண்ணாடியின் மேல் அழுத்தமும் குறையும்.


அம்பத்தூர்_தொட்டி
ஞாயிறு, காலை 8:02

சார், இப்பதான் மேல ஏறிப் பார்த்தேன். நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு திண்டு, ரெண்டும் சுவர் மேலதான் இருக்கு. இத்தனை வருஷம் பார்த்திருக்கேன், கவனிச்சதில்லை. என் தொட்டியும் வெளிச்சுவரை ஒட்டித்தான் இருக்கு. அக்கா, "தைரியமா வைங்க"ன்னு நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். சார் சொல்ற மாதிரி பார்த்துட்டு வைங்க.

ஒரு அனுபவம் சொல்றேன். 2012 ஏப்ரல் 11, சுமத்ரா பக்கம் நிலநடுக்கம் வந்து சென்னையில ஆடுச்சே, அன்னிக்கு நான் வீட்டுல இருந்தேன். அப்போ சின்ன தொட்டிதான், மூணடி. தண்ணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையடிச்சு மேல வழிஞ்சுது. ஸ்டாண்ட் கால் நல்லா அகலமா இருந்ததால சாயலை. நீங்க ஸ்டாண்டை ஒல்லியா உயரமா செய்யாதீங்க.


புதுவை_பழையவீடு
ஞாயிறு, காலை 11:30

செல்வி, உங்கள் வீடு கான்கிரீட் தளம் என்பதால் இந்தக் கணக்கெல்லாம் போட முடிகிறது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று எழுதுகிறேன். எங்களுடையது புதுச்சேரி தமிழர் பகுதியில் தாத்தா காலத்து வீடு. மாடித் தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன் மேல் சின்னச் செங்கல்லை நெட்டுக்கு நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டின தளம். மாடி முன்னறையில் வெறும் மூன்றடித் தொட்டி வைத்தேன். ஆறு மாதத்தில் கீழே கட்டை இடுக்குகளிலிருந்து சுண்ணாம்புத் தூள் தினமும் உதிர ஆரம்பித்தது. அம்மா பெருக்கிக்கொண்டே இருந்தார், எனக்குச் சொல்லவில்லை. தச்சரைக் கூட்டி வந்து பார்த்தபோது, ஒரு கட்டையின் முனை சுவருக்குள் போகிற இடத்தில் கரையான் அரித்து உள்ளே பொக்கையாகியிருந்தது. வெளியே தெரிகிற பாகமெல்லாம் இரும்பு மாதிரி இருந்தது. அன்று மாலையே தண்ணீரை இறைத்துத் தொட்டியைக் கீழ் முற்றத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். அப்படிப்பட்ட தளத்தில் எந்த அளவு தொட்டியும் வைக்காதீர்கள், தயவு செய்து.


வில்லிவாக்கம்_செல்வி
திங்கள், இரவு 10:50

சார், நீங்க கேட்டதைப் போய்ப் பார்த்தேன். பார்த்ததும் கையெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு.

மேலே அந்தச் சுவர் நாலரை இஞ்ச் சுவர். கீழ்வீட்டுல அதுக்கு நேர் கீழே 2008 வரைக்கும் ஒரு நாலரை இஞ்ச் சுவர் இருந்தது. மாமாவுக்கு பக்கவாதம் வந்தப்போ, வீல் சேர் போக வரணும், கட்டில் ஹாலுக்குத் தெரியணும்னு அந்தச் சுவரை முழுசா எடுத்தாங்க. எனக்கே மறந்து போச்சு. இன்னிக்கு அத்தை கட்டில் கிடக்கிறது அந்தச் சுவர் இருந்த இடத்துலதான். அடியில பீம் எதுவும் தெரியலை, வெறும் தளம்.

இன்னொண்ணு. கீழே சீலிங்கை டார்ச் அடிச்சுப் பார்த்தேன். எங்க பாத்ரூமுக்குக் கீழே வர்ற இடத்துல, ரெண்டு கை அகலத்துக்கு பூச்சு உப்பி, நடுவுல துருக்கறை. தட்டிப் பார்த்தா டொப் டொப்னு சத்தம். அத்தையைக் கேட்டா "அது மூணு மழைக்காலமா அப்படித்தான் இருக்கு"ன்னு சொன்னாங்க.

மறைக்காம சொல்லணும்னா மீனைக் கொளத்தூர்லயே யார்கிட்டயாவது கொடுத்திடலாம்னு நேத்து ராத்திரி முடிவு பண்ணிட்டேன். ஆனா இன்னிக்குப் பரண்ல அப்பாவோட கணக்கு நோட்டு கிடைச்சது. பச்சை அட்டை போட்ட நீளமான நோட்டு. வீடு கட்டினப்போ தினக்கணக்கு எழுதினது. கடைசியா அவர் கையெழுத்தை எப்போ பார்த்தேன்னு ஞாபகம் இல்லை. ஒவ்வொரு பக்கத்துலயும் மேலே பிள்ளையார் சுழி. முதல் மாடித் தளம் போட்ட நாளுக்கு இப்படி இருக்கு, அப்படியே எழுதறேன்:

"ஒட்டு 5 இஞ்ச். 10 எம்எம் கம்பி, 8 எம்எம் கம்பி, டார். சிமெண்ட் 72 மூட்டை. லாரித் தண்ணி 3 லோடு, போர் தண்ணி உப்பு என்பதால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆட்கள் டீ, வடை."

தளம் மொத்தம் 800 சதுர அடி. இதுல இருந்து ஏதாவது தெரியுமா சார்?


திருச்சி_பொறியாளர்
செவ்வாய், காலை 5:50

அம்மா, நிறையத் தெரிகிறது. உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

தண்ணீர் பற்றி அவர் எழுதிய ஒரு வரிதான் எல்லாவற்றிலும் முக்கியம். சென்னையில் அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் உப்புப் போர் தண்ணீரிலேயே கான்கிரீட் கலந்தார்கள். உப்பில் உள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும்; அது உள்ளிருந்து தள்ளித்தான் பூச்சும் கான்கிரீட்டும் உப்பி விழுகின்றன. அதனால்தான் கான்கிரீட்டுக்கான விதி ஐ.எஸ். 456, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2000 வரை விடுகிறது. வித்தியாசம் கம்பிக்காகத்தான். உங்கள் அப்பா காசு கொடுத்து லாரித் தண்ணீர் வாங்கியிருக்கிறார். உங்கள் தளம் முழுவதும் கெட்டுப்போகாமல் பாத்ரூமுக்குக் கீழே மட்டும் கெட்டிருப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சிமெண்ட் கணக்கும் பொருந்துகிறது. 800 சதுர அடி, ஒட்டு (தளத்தின் கான்கிரீட்) 5 அங்குலக் கனம் என்றால் ஒன்பதரை கன மீட்டர் கிட்ட வரும். பீம்களோடு 11 என்று வையுங்கள். 72 மூட்டையை வகுத்தால் கன மீட்டருக்கு ஆறரை மூட்டை. 1:2:4 கலவைக்கு (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு, ஜல்லி நான்கு) அதுதான் தேவை. மூட்டை திருட்டுப் போகவில்லை, சிமெண்டைக் குறைத்துக் கலக்கவும் இல்லை என்று இதை வைத்து ஓரளவு நம்பலாம். டார் என்று எழுதியது முறுக்குக் கம்பி. இப்போது வரும் டிஎம்டி கம்பியைவிட அது துருவுக்குக் கொஞ்சம் பலவீனமானது, அப்போதைய விதியில் தளத்துக் கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் 15 எம்எம் கனம் இருந்தாலே போதும். ஆகவே ஈரம் படும் இடம் சீக்கிரம் கெடும்.

இனி அந்தச் சுவர். நாலரை அங்குலச் செங்கல் சுவர் 10 அடி உயரத்துக்கு ஒரு மீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 650 கிலோ. உங்கள் தொட்டி மீட்டருக்கு 500. அதாவது மேல்வீட்டுச் சுவரே உங்கள் தொட்டியைவிடக் கனமான சுமையாக அந்தத் தளத்தின் மேல் நிற்கிறது. முன்பு அடியில் இருந்த சுவர் வடிவமைப்பில் தாங்கும் சுவராக இல்லாவிட்டாலும், பதினான்கு வருஷம் கொஞ்சமாவது தாங்கிக்கொண்டிருந்திருக்கும். அதையும் எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் தொட்டி கூடாது. ஒரு வாளிகூடக் கூடுதலாக வேண்டாம்.

மீனைக் கொடுத்துவிடாதீர்கள், அவசரம் வேண்டாம். உங்கள் ஹாலில் வெளிச்சுவர் ஏதாவது இருக்குமே? 9 அங்குலச் சுவர், கீழேயும் அதே இடத்தில் தொடர்ந்து இறங்குகிற சுவர்? அதை ஒட்டி இடம் இருக்கிறதா பாருங்கள். எதுவாக இருந்தாலும் உள்ளூர்ப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து சுவர் எடுத்த இடத்தையும் சீலிங்கையும் பார்க்க வேண்டும். தொட்டி வைத்தாலும் வைக்காவிட்டாலும் இதைச் செய்யுங்கள். துருப்பிடித்த சீலிங்குக்கு அடியில் ஒரு பெரியவர் வசிக்கிறார். அத்தை கட்டிலை இன்றைக்கே துருக்கறை இல்லாத பக்கம் தள்ளிப் போடுங்கள்.


பெரும்பாக்கம்_3வதுமாடி
செவ்வாய், மாலை 4:10

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஃபிளாட்டில் ஹாலில் இடமில்லை. பால்கனியில் நாலடித் தொட்டி வைக்கலாமா? விதியில் பால்கனிக்கு அறையைவிட அதிக பாரம் போட்டிருப்பதாக ஒரு இடத்தில் படித்தேன்.


திருச்சி_பொறியாளர்
செவ்வாய், மாலை 5:30

படித்தது சரி. பால்கனிக்குச் சதுர மீட்டருக்கு 300 கிலோ. ஊர்வலமோ வேறு எதுவோ வந்தால் வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் அங்கே வந்து நிற்பார்கள் என்பதால்தான். தொட்டி வைப்பதற்காக அல்ல. ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள பால்கனியில் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் அதன் மேல் நடந்து மிதித்துக் கம்பி கீழே இறங்கிவிடுவதை எத்தனையோ தளங்களில் கண்ணால் பார்த்துத் திருப்பி ஏற்ற வைத்திருக்கிறேன். நான் இல்லாத தளங்களில் யார் ஏற்றியிருப்பார்கள்? அங்கே தொட்டி வைக்காதீர்கள்.

மனிதர்கள் வருவார்கள், போவார்கள். விசேஷத்துக்கு 30 பேர் ஹாலில் உட்கார்ந்தால் 1,800 கிலோ, ஆனால் பந்தி முடிந்தால் எழுந்துவிடுவார்கள். தொட்டி பத்து வருஷம் அதே இடத்தில் நிற்கும். நிரந்தரப் பாரத்தின் கீழே கான்கிரீட் வருஷக்கணக்கில் மெல்ல மெல்லத் தொய்யும். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை என்பது இதனால் போதாது.


வில்லிவாக்கம்_செல்வி
ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு இரவு 9:15

தாமதமா எழுதறேன், மன்னிச்சிடுங்க. கையில ஒரு வேலை முடியாம எழுத வேண்டாம்னு இருந்தேன்.

அன்னிக்கே கட்டிலை நகர்த்திட்டோம். அண்ணா நகர்ல இருந்து ஒரு பொறியாளர் வந்தார். கம்பி எங்க ஓடுதுன்னு காட்டுற கருவி வச்சு சீலிங் முழுக்க நகர்த்தி சாக்பீஸ்ல கோடு போட்டார். அப்பா எழுதின மாதிரியே கம்பி இருந்தது, ரெண்டு பக்கமும். கான்கிரீட்டைச் சுத்தி மாதிரி ஒரு கருவியால தட்டித் தட்டி எண் குறிச்சுக்கிட்டார். பாத்ரூமுக்குக் கீழே தவிர மத்த இடம் நல்லா இருக்குன்னார். சுவர் எடுத்த இடத்துல தளம் லேசா தொய்ஞ்சிருக்கு, நூல் பிடிச்சுக் காட்டினார். நடுவுல 8 எம்எம். ஆபத்தான அளவு இல்லை, ஆனா மேல இருக்கிற நாலரை இஞ்ச் சுவரோட பாரத்தை இறக்கணும்னு சொல்லி, கீழே ரெண்டு பக்கச் சுவர்லயும் ஏறி நிற்கிற மாதிரி இரும்பு பீம் ஒண்ணு கொடுக்கச் சொன்னார். கொடுத்தாச்சு. முதல்ல அத்தைக்கு அது பிடிக்கலை, வீட்டுக்குள்ள ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இருக்குன்னாங்க. வெள்ளை அடிச்சதும் சரியாயிட்டாங்க.

பாத்ரூம் தரையைப் பெயர்த்து, பைப் மாத்தி, வாட்டர்புரூஃபிங் பண்ணினோம். அதுக்கப்புறம்தான் கீழே சீலிங்ல கையை வச்சார். உப்பினதைக் கொத்தி எடுத்து, கம்பித் துருவை பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணி, துருத் தடுப்புப் பூசி, பாலிமர் கலவையால அடைச்சார். மேலே ஒழுக்கை நிறுத்தாம கீழே பூசினா ரெண்டு வருஷத்துல மறுபடி வரும்னு சொன்னார். எவ்வளவு வீட்டுல இதைத் தலைகீழா பண்றாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.

தொட்டி கிழக்குச் சுவரை ஒட்டி வந்திருக்கு. 9 இஞ்ச் வெளிச்சுவர், 16 அடிப் பக்கம், அஸ்திவாரம் வரைக்கும் இறங்குது. அளவு அம்பத்தூர் தம்பி சொன்னதுதான்: 6 அடி, இரண்டரை அடி, ஒன்றே முக்கால் அடி. ஸ்டாண்டை நாலு கால்ல நிறுத்தாம, அடியில நீளவாக்குல ரெண்டு இரும்புச் சட்டம் முழுசா தரையில படுற மாதிரி செய்ய வச்சேன். கால் மட்டும் நின்னா ஒவ்வொரு கால்லயும் 240 கிலோ இறங்கும், டைல்ஸ் அடியில பொக்கை இருந்தா அங்கேயே உடையும்னு பொறியாளர் சொன்னார். டைல்ஸை ஒவ்வொண்ணா தட்டிப் பார்த்தோம். மூணு டைல்ஸ் டொப்னு சத்தம் கேட்டது, மாத்திட்டோம். ரசமட்டம் வச்சு நாலு பக்கமும் பார்த்தோம், ஒரு மூலையில 3 எம்எம் இறக்கம். தகடு கொடுத்துச் சரி பண்ணினோம். மேலே 18 எம்எம் ப்ளைவுட், அதுக்கு மேலே தெர்மோகோல்.

தண்ணியை ஒரே நாள்ல விடலை. நாலு பங்கா பிரிச்சு, பங்குக்கு ரெண்டு நாள் இடைவெளி. கீழே அத்தை ரூம் சீலிங்ல, பூச்சுல ஒரு பழைய மயிரிழை விரிசல் இருக்கு. அதோட குறுக்கே பொறியாளர் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ரெண்டு முனையும் ஒட்டி வச்சுட்டுப் போனார். விரிசல் நகர்ந்தா கண்ணாடி உடையும். அந்தப் பொறுப்பை அத்தைகிட்டதான் கொடுத்தோம். தினமும் காலையில காபி குடிச்சதும் ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு அண்ணாந்து பார்ப்பாங்க. காலண்டர்ல அந்தத் தேதியில பென்சிலால ஒரு டிக். முழுத் தண்ணி நிரப்பி இன்னிக்கு 19 நாள். 19 டிக் இருக்கு.

புதுசா ஒரு பிரச்சினை: கிழக்கு ஜன்னல்ல இருந்து காலை வெயில் நேரா தொட்டியில விழுது. கண்ணாடியில பாசி பிடிக்க ஆரம்பிச்சிடுச்சு. கனமான திரை போட்டா போதுமா, இல்ல தொட்டியோட பின்பக்கத்துக்குக் கறுப்பு ஷீட் ஒட்டணுமா? அம்பத்தூர் தம்பி, நீங்க சொல்லுங்க.

மீன் நல்லா இருக்கு. முதல் ரெண்டு நாள் ஒரு மூலையிலயே நின்னது, இறால் போட்டும் சாப்பிடலை. மூணாவது நாள் ராத்திரி விளக்கை அணைச்சதுக்கு அப்புறம் நானும் என் பையனும் சத்தம் போடாம உட்கார்ந்து பார்த்தோம். ஒரு முனையில இருந்து இன்னொரு முனைக்குப் போய், உடம்பை மடக்காம திரும்பி வந்தது.


அம்பத்தூர்_தொட்டி
ஞாயிறு, இரவு 9:48

அக்கா, ரெண்டும் பண்ணுங்க. பின்பக்கம் ஷீட் ஒட்டினா மீனுக்கும் பயம் போகும். திரையைக் காலை 9 மணி வரைக்கும் மூடி வைங்க, அதுக்கப்புறம் சூரியன் மேல ஏறிடும், வெயில் நேரா விழாது. வர்ற ஞாயித்துக்கிழமை நான் கொளத்தூர் வர்றேன், ஷீட் ஒட்டத் தெரியலைன்னா சொல்லுங்க, வந்து ஒட்டித் தர்றேன். அத்தையோட காலண்டரையும் பார்க்கணும்.